மதுரையிலிருந்து ராமேஸ்வரம்: எந்த மாதம், எந்தக் காற்று? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்காரர்களுக்கு ராமேஸ்வரம் பக்கத்து ஊர் மாதிரி. சுமார் 170 கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி பேச்சு எழும், சனிக்கிழமை விடியுமுன் வண்டி கிளம்பிவிடும். அதனாலேயே பருவம் பார்த்துப் போகும் வழக்கம் நமக்கு இல்லை. எங்கள் சொந்தத்தில் வண்டி, ரூம் ஏற்பாடெல்லாம் என் தலையில் விழுவதால் இந்தக் கேள்விகளும் வருடாவருடம் எனக்குத்தான் வரும். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். மதுரையில் இருக்கும்போது நாம் பார்ப்பது வெயிலையும் மழையையும். பாம்பனைத் தாண்டிவிட்டால் காற்றைப் பார்க்க வேண்டும்.

முதலில் பதிலைச் சொல்லுங்கள். எந்த மாதம் போகலாம்?

தை பிற்பாதியிலிருந்து மாசி முடியும்வரை, அதாவது ஜனவரி கடைசி வாரம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வாடையின் வேகம் தணிந்துகொண்டே வரும், தெற்குக் காற்று இன்னும் எழுந்திருக்காது. சபரிமலை சீசனும் மகரவிளக்கோடு முடிந்திருக்கும். பள்ளிக்கூடங்களில் ஆண்டுத்தேர்வு நெருங்கும் நேரம் என்பதால் குடும்பக் கூட்டமும் குறைவு. தை அமாவாசையையும் மகா சிவராத்திரியையும் மட்டும் காலண்டரில் பார்த்து ஒதுக்கிவிடுங்கள்.

இந்த மாதங்களில் இன்னொரு லாபம், தனுஷ்கோடி போகும் வழியில் கோதண்டராமர் கோவில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். ராமநாதபுரம் சீமையில் குண்டு மிளகாய் பறித்துக் களங்களில் சிவப்பாகக் காயப்போட்டிருப்பார்கள். வண்டியை நிறுத்தி ஒரு கிலோ வாங்காமல் எங்கள் வீட்டில் யாரும் திரும்பியதில்லை.

இதற்கு அடுத்தபடியாக, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் பாதி. தெற்குக் காற்று ஓயும், வாடை தொடங்கியிருக்காது. சாயங்காலம் இடி மின்னலோடு ஒரு மழை வரலாம். மகாளய அமாவாசையும் காலாண்டு விடுமுறையும் பெரும்பாலும் இதையொட்டித்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

மதுரையில் கத்திரி வெயில் தாங்கவில்லை. கடலோரம் போனால் குளுகுளுவென்று இருக்குமா?

தெர்மாமீட்டரைக் கேட்டால் ஆமாம் என்று சொல்லும். மே மாதத்தில் மதுரை 39, 40 டிகிரி காட்டும் நாளில் பாம்பன் 33, 34-ல் நின்றுவிடும். சுற்றிலும் கடல் என்பதால் அதற்குமேல் ஏற விடாது. அதே கடல் ராத்திரியில் இறங்கவும் விடாது. 27, 28 டிகிரியிலேயே புழுங்கிக்கொண்டிருக்கும். மதுரையில் வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். அங்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். மதுரை அடுப்பு என்றால் ராமேஸ்வரம் இட்லிக் கொப்பரை.

மே மாதம்தான் பிள்ளைகளுக்கு லீவு, வேறு வழியில்லை என்றால் நாளை இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். கோவில் நடை விடியற்காலை 5 மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனத்துக்குத் திறக்கும். அதை முடித்துத் தீர்த்தமாடி, டிபன் சாப்பிட்டு, எட்டு மணிக்குள் தனுஷ்கோடி பக்கம் போய், பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள். மதியம் 1 மணிக்கு நடை சாத்தி 3 மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் நடுப்பகலில் ரூமை விட்டு வெளியே வர எந்த அவசியமும் இல்லை. தனுஷ்கோடியில் நிழல் என்று சொல்ல ஒரு மரம் கிடையாது. கீழே வெள்ளை மணல், இரண்டு பக்கமும் தண்ணீர், வெயில் மேலிருந்து மட்டும் வராது.

போகிற வழியில் நுங்கும் பதநீரும் கிடைக்கும் காலம் இது. கோடைப் பயணத்துக்கு அந்த ஒரு நியாயத்தை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆண்கடல், பெண்கடல் என்கிறார்களே, அது என்ன?

ராமேஸ்வரம் பயணத் திட்டம் முழுவதுமே இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

தனுஷ்கோடி சாலையில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். வடபக்கம் பாக் நீரிணை, தென்பக்கம் மன்னார் வளைகுடா. குளம் மாதிரி கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும் அலையடித்துக்கொண்டே இருக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பேர் வைத்தவர்கள் ஆனி, ஆடியில் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. ஏனென்றால் ஐப்பசி தொடங்கியதும் கதை தலைகீழாகிவிடும்.

காரணம் காற்று. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து காற்று வரும். மன்னார் வளைகுடாவில் தங்குதடையின்றி ஓடிவந்து தென்கரையில் மோதும். தீவின் மறுபக்கமான வடகரைக்கு ஒரு மறைப்பு கிடைக்கிறது, அதனால் அங்கே அமைதி. ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கிலிருந்து வாடை வரும். இப்போது அடி வாங்குவது வடகரை. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், கொஞ்சம் காற்று அடித்தாலே குறுகிய அலைகளாகக் கொந்தளித்துக் கலங்கிப்போகும். தென்பக்கம் அப்போது அடங்கியிருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் எந்தக் கரைக்குப் போவது என்று யாரையும் கேட்க வேண்டாம். கோடையிலும் ஆடியிலும் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டுமென்றால் உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை. அது பாக் நீரிணைக் கரை, சவுக்கு மரங்களின் நிழலும் உண்டு. மன்னார் வளைகுடாவில் வனத்துறை நடத்தும் படகுச் சவாரி, பிச்சைமூப்பன் வலசை மாதிரியான இடங்கள் என்றால் மழைக்காலம் முடிந்து பங்குனிக்குள் போய்விடுங்கள். ஆடியில் போனால் காற்று அதிகம், இன்று படகு இல்லை என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

தனுஷ்கோடி சாலை முடியும் அரிச்சல்முனையில் மட்டும் எந்தப் பருவத்திலும் இறங்க வேண்டாம். இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் எந்த நிமிடம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. கரையில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, அதன் அடியில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனி, ஆடியில் மழையே இல்லையே, போனால் என்ன?

மழை இல்லைதான். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கமே நிறுத்திக்கொள்கிறது. நமக்கு வருவது காற்று மட்டும். மதுரையில் அது சுகமாகத் தெரியும், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்வோம். தனுஷ்கோடியில் அது மணலைத் தூக்கிக்கொண்டு வரும்.

ஒரு ஆடி மாதம் அக்கா மகனும் நானும் மதுரையிலிருந்து பைக்கில் போனோம். அவனுக்கு அப்போது இருபது வயது, எனக்குப் புத்தி இருந்திருக்க வேண்டிய வயது. முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் ரோட்டில் அங்கங்கே மணல் குவிந்து கிடந்தது. தார் தெரிகிற இடத்தில் வேகமாகப் போய், மணல் வந்ததும் பிரேக் பிடித்தோம். முன்சக்கரம் வழுக்கி இருவரும் விழுந்தோம். வேகம் குறைந்திருந்ததால் முழங்கையோடு போயிற்று. எழுந்து நின்றால் பக்கவாட்டுக் காற்று நிற்க விடவில்லை, மணல் கன்னத்தில் ஊசி மாதிரி குத்துகிறது. வெயில் கண்ணாடி போட்டிருந்தும் அன்று ராத்திரி முழுக்க அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

ஆக, ஆனி ஆடியில் கோவிலுக்கு மட்டும் என்றால் தாராளமாகப் போகலாம். தனுஷ்கோடியும் உண்டு என்றால் நான்கு சக்கர வண்டியில், காலை நேரத்தில் போங்கள். அலை உயர்ந்து தடுப்புச் சுவரில் மோதும் நாட்களில் அரிச்சல்முனைக்கு முன்பே வண்டிகளை நிறுத்திவிடுவதும் உண்டு. அங்கே போலீசிடம் வாதாடிப் பயனில்லை.

கோவிலுக்கு எதிரே அக்னி தீர்த்தத்தில் கடல் உள்வாங்கியது என்று டிவியில் காட்டினார்கள். சுனாமி வருமோ?

என் சித்தி வருடத்துக்கு இரண்டு முறையாவது கேட்கும் கேள்வி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடும். தெற்குக் காற்று பலமாக அடித்தால் வடகரைத் தண்ணீரை அப்பால் தள்ளும். தளமான, ஆழமில்லாத கடல் என்பதால் கொஞ்சம் தண்ணீர் விலகினாலே நிறையத் தரை தெரியும், படகுகள் தட்டி நிற்கும். சில மணி நேரத்தில் திரும்பிவிடும். சுனாமி என்றால் அரசு எச்சரிக்கை வரும்.

கள்ளக்கடல் என்று செய்தியில் வருகிறதே?

இதற்குத்தான் பயப்பட வேண்டும், ஆனால் யாரும் பயப்படுவதில்லை. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயற்காற்று எழுப்பிய நீண்ட அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. நம் ஊரில் காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று எழும். திருடன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். பெரும்பாலும் கோடையில், தென்கடலைப் பார்த்த கரைகளில். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் இப்படி எழுந்த அலையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கும் நாளில் தென்கரையில் கால் நனைக்கவும் போக வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் போகவே கூடாதா?

அப்படிச் சொல்லமாட்டேன். ராமநாதபுரம் மாவட்டத்தின் வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். அதற்காகத் தினமும் பெய்கிறது என்று அர்த்தமில்லை. வங்கக்கடலில் ஒரு தாழ்வுப்பகுதி வந்தால் இரண்டு மூன்று நாள் கொட்டும், அப்புறம் நாலைந்து நாள் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். அந்த இடைவெளியில் போனால் கூட்டமும் இல்லை, வெயிலும் இல்லை. மானாமதுரை, பரமக்குடி வழியாகப் போகும் உங்கள் கூடவே வைகையும் தண்ணீரோடு வரும். பெரும்பாலும் கடலைத் தொடாமல் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்குகிற ஆறு அது. கண்மாய் நிறைந்திருப்பதைப் பார்க்கவே ஒருமுறை கார்த்திகையில் போகலாம்.

கொட்டும்போது எப்படிக் கொட்டும் என்பதற்கு ஒரு கணக்கு: 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. மதுரையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 85 செ.மீ.தான். மேடு பள்ளம் இல்லாத தீவில் அந்தத் தண்ணீர் எங்கே ஓடும்? தெருவில்தான் நின்றது.

அதனால் இந்த மாதங்களில் முன்பணம் திரும்பி வராத ரூமைப் பதிவு செய்யாதீர்கள். ஒரு தடவை நாங்கள் கட்டிய பணத்தை, "மழைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் சார்" என்ற ஒரே பதிலில் முடித்துவிட்டார்கள். நியாயம்தான், ஆனாலும் வயிறு எரிந்தது.

மார்கழி பிறந்துவிட்டதே, இனிப் புயல் வராதுதானே?

1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது டிசம்பர் 22 ராத்திரி, மார்கழி முதல் வாரத்தில். பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயில் அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குப் போனது. ஊரை மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இன்று நீங்கள் போட்டோ எடுக்கும் அந்தச் சர்ச் சுவர் அந்த ராத்திரியின் மிச்சம். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் வலுவிழந்தபின் மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் அருகே நகராமல் நின்று மழையைக் கொட்டியது. மார்கழியில் பயணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, கிளம்புமுன் வானிலை அறிக்கையைப் பாருங்கள்.

அறிக்கையில் எதைப் பார்ப்பது? மஞ்சள், ஆரஞ்சு என்று குழப்புகிறார்களே?

மழைக்குப் பொதுவாக ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை எதிர்பார்க்கிறார்கள், சிவப்பு என்றால் அதற்கும் மேல். மஞ்சளுக்குப் போகலாம், ஆரஞ்சுக்குத் தள்ளிப்போடலாம், சிவப்புக்கு வீட்டில் பஜ்ஜி போடலாம்.

நிறத்தைவிட நான் பார்ப்பது அதே அறிக்கையின் கடைசியில் வரும் "மீனவர்களுக்கான எச்சரிக்கை". மதுரைக்காரர்கள் அதை நமக்கில்லை என்று தாண்டிவிடுவோம். மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் காற்று, இடையிடையே 65 என்று போட்டிருந்தால் அன்று படகுச் சவாரி இல்லை, தனுஷ்கோடியில் மணல் பறக்கும், ரயில் தாமதமாகலாம். மூன்று செய்தியும் ஒரே வரியில் கிடைத்துவிட்டது.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம். பயணத்தை ரத்து செய்யலாமா?

எத்தனாம் எண் கூண்டு என்று கேளுங்கள். 1, 2 என்றால் புயல்சின்னம் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5-இலிருந்து 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம், 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. 1-க்கு நான் கிளம்பியிருக்கிறேன். 3-க்கு மேல் என்றால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வரைகூடப் போகமாட்டேன்.

ரயிலா, பஸ்ஸா, காரா?

புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. 1914-இல் வந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனதால் அதுவரை மண்டபத்தில் இறங்கி பஸ் ஏறிக்கொண்டிருந்தோம். இப்போது நேராகத் தீவுக்குள் போய்விடலாம். கப்பல் போக நடுவே 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறும். பார்க்கக் கொடுத்துவைத்திருந்தால் பார்க்கலாம். காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தொட்டால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் காத்திருக்கும். பழைய பாலத்திலும் இதே ஏற்பாடுதான். வாடையும் ஆடிக்காற்றும் உள்ள மாதங்களில் திரும்பும் ரயிலை நம்பி மதுரையில் அடுத்த வண்டிக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இடையில் நாலைந்து மணி நேரம் விட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் மாட்டுத்தாவணியில் ஏறலாம், நான்கு மணி நேரம் ஆகும். காரில் மூன்றரை. பரமக்குடி வரை சாலை அகலம், அப்புறம் குறுகும். கார்த்திகை, மார்கழியில் அந்தக் குறுகிய பகுதியில் பல மாநில ஐயப்ப பக்தர்களின் வேன்கள் எதிரே வரும். இரவெல்லாம் ஓட்டிய டிரைவர்கள், அதனால் விடியற்காலை நேரத்தில் நான் ஓவர்டேக் செய்வதில்லை.

திரும்பி வந்ததும் வண்டியை அடிப்பக்கம் உட்பட நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்புக்காற்று சும்மா விடாது.

அமாவாசைக்குத்தான் போக வேண்டும். திதி கொடுக்கணும்.

அப்படியானால் பருவம் பார்க்க முடியாது. ஆடி, மகாளய, தை அமாவாசை மூன்றிலும் முந்தின நாள் மதியத்துக்குள் ஊரில் இருங்கள். தை அமாவாசையில் வாடை மிச்சமிருந்தால் அக்னி தீர்த்தத்தில் அலை இருக்கும், தண்ணீர் கலங்கலாக இருக்கும். பெரியவர்களைக் கையைப் பிடித்து இறக்குங்கள். கோவிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடும்போது ஈரத்தில் கல் வழுக்கும், குளிர்காற்றில் ஈரத்துணியோடு பிராகாரம் சுற்றினால் வயதானவர்களுக்கு நடுக்கம் எடுத்துவிடும். மாற்றுத்துணிப் பையை ஒருவர் நனையாமல் வைத்துக்கொண்டு நிற்கட்டும். எங்கள் குடும்பத்தில் அந்த வேலைக்கு மச்சான் எப்போதும் தயார்.

நல்ல மீன் எப்போது கிடைக்கும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் கூட. தடை முடிந்த முதல் வாரங்களில் போங்கள்.

குடை கொண்டுபோகலாமா?

கோவிலுக்குக் கொண்டுபோங்கள். தனுஷ்கோடியில் விரிக்காதீர்கள், எங்கள் குடை ஒன்று பெண்கடலில் இறங்கிப் போய்விட்டது. தலைக்குத் துண்டு போதும், காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.